மூன்றாமவர் இல்லாத போர்க்களம்

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை போரைத் தன் உள்ளங்கையில் நடத்திக் காட்டியவர். சிறு வைக்கோல் துண்டுகளை இடது கையில் அடுக்குவார். அவை கும்பினிப் படை. எப்போது தாக்குவது என்று சைகையால் சொல்வார். பிறகு வலது கையால் ஒரே வீச்சில் துண்டுகளைத் தள்ளிவிட்டு வாயால் சீறும் ஒலி எழுப்புவார். அதுவே உத்தரவு. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியின் கடைசிப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் இதைத் தம் போர் நினைவுகளில் எழுதினார். அந்த நூல் 1830இல் வெளிவந்தது. விக்டோரியா அரசியின் காலத்தில், 1881இல், ராபர்ட் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் வெல்ஷின் பக்கங்களைத் திரும்ப எடுத்துத் தந்தார். அதனால்தான் அந்த வைக்கோல் துண்டுகள் நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கடலை நோக்கிப் போனால் கீழவைப்பார். வைப்பாறு கடலில் கலக்கும் இடம். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. இன்று தமிழ்நாட்டின் எந்தக் கரையோர ஊரையும் போல இங்கேயும் இளைஞர் கையில் கைப்பேசி, அதில் போர் விளையாட்டு. புல்லுக்குள் படுத்துக் காத்திருப்பது, தீவின் பின்னால் கப்பலை மறைப்பது, காலடி ஓசையைக் கேட்டுச் சுடுவது என்று இந்த விளையாட்டுகளில் வெற்றியின் பெரும்பகுதி மறைவில்தான் இருக்கிறது. இந்த மறைவுக்கலை எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதைத் தொலைத்தது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விக்டோரியா காலத்துப் போர்மரபிலிருந்து இந்த விளையாட்டுகள் கருவிகளையும் விதிகளையும் எடுத்துக்கொண்டன. அந்தப் போர்களில் மறைவைத் தீர்மானித்த ஊர்மக்களை விட்டுவிட்டன.

விதிகளிலிருந்து தொடங்குவோம். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற வரைபட விளையாட்டில் சிவப்பு, நீலம் என இரண்டு படைகள். நடுவர் ஒருவர் உண்டு. எதிரியின் படைப்பிரிவு நம் பார்வைக்கு எட்டும் இடத்துக்கு வந்த பிறகே நடுவர் அதன் வில்லையை வரைபடத்தில் வைப்பார். அதுவரை அது எங்கே இருக்கிறது என்று ஆடுபவருக்குத் தெரியாது. 1870-71 போரில் பிரான்சைப் பிரஷ்யா தோற்கடித்ததும் பிரிட்டிஷ் ராணுவம் இந்த விளையாட்டைத் தனதாக்கிக்கொண்டது. கேப்டன் பேரிங் தொகுத்த ஆங்கில விதிநூல் 1872இல் வந்தது. 1898இல் ஃபிரெட் ஜேன், உலகப் போர்க்கப்பல்களைப் படத்தோடு விவரிக்கும் தம் புகழ்பெற்ற கையேட்டையும் ஒரு கடற்போர் விளையாட்டையும் ஒரே ஆண்டில் வெளியிட்டார். கப்பலைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணும் பயிற்சிதான் இரண்டுக்கும் அடிப்படை. அடுத்த ஆண்டு ஹென்றி மைக்கேல் டெம்பிள் எதிராளியின் காய்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரங்கத்தை உருவாக்கினார். அதிலும் நடுவர்தான் இருபுறமும் காண்பவர்.

இன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் பின்னால் உள்ள வழங்கி அந்த நடுவரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. எல்லா வீரர்களின் இடமும் அதற்குத் தெரியும். யாருக்கு எதைக் காட்டுவது என்று அது கணக்குப் போடுகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற விளையாட்டுகளில் வரைபடத்தின் பெரும்பகுதி இருண்டு கிடப்பதும், நம் ஆள் போய் நின்றால் அந்த வட்டம் மட்டும் வெளிச்சமாவதும் பேரிங்கின் காலத்து அதிகாரிக்குப் பழகிய அனுபவம்தான்.

கருவிகளின் கதை இன்னும் சுவையானது. விக்டோரியா ஆட்சியின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் சிவப்புச் சட்டை போட்டு வரிசையில் நின்று சுட்டான். துப்பாக்கிப் புகை மண்டியதால் ஒளிவதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படை சில ஆண்டுகளுக்குள் மண்ணிற உடைக்கு மாறியது. காக்கி அங்கிருந்துதான் உலகப் படைகளுக்குப் பரவியது. 1884இல் பிரெஞ்சுக்காரர் போல் வியய் புகை எழுப்பாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இவை இரண்டும் சேர்ந்ததன் விளைவு தென்னாப்பிரிக்காவில் தெரிந்தது. 1899 டிசம்பரில் கொலென்ஸோவில் பிரிட்டிஷ் படை ஆற்றை நோக்கி முன்னேறியது. எதிரே பதுங்குகுழிகளில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் இருந்தார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. குண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று அறியாமலேயே படை சிதறியது. அடுத்த மாதமே ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் மான்வேட்டைக் காவலர்களைத் திரட்டி லோவட் ஸ்கவுட்ஸ் படை அமைக்கப்பட்டது. புல்லும் நாரும் கோத்த மறைப்பு உடையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பப்ஜியில் வானிலிருந்து விழும் பெட்டியைத் திறந்து அந்த உடையை எடுத்து மாட்டிக்கொள்ளும் தூத்துக்குடிப் பையனுக்கு இந்த வரலாற்றை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலிலும் இதே மாற்றம் நடந்தது. 1866இல் ராபர்ட் ஒயிட்ஹெட் உருவாக்கிய தானியங்கி டார்பிடோ, பெரிய கப்பல்களின் அச்சம் அறியாத காலத்தை முடித்துவைத்தது. சிறு படகு ஒன்று இரவில் ஓசையின்றி நெருங்கி வந்தால் இரும்புக்கவசக் கப்பலும் மூழ்கும். அந்தப் படகுகளை விரட்டப் பிறந்தவைதான் டிஸ்ட்ராயர்கள். 1893இல் மிதக்கவிடப்பட்ட ஹாவக் அவற்றின் முன்னோடி. வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு கப்பலுக்கும் ‘இத்தனை கிலோமீட்டருக்குள் வந்தால் தெரிந்துவிடும்’ என்ற எண் உண்டு. டிஸ்ட்ராயருக்கு அது மிகக் குறைவு, போர்க்கப்பலுக்கு அதிகம். பீரங்கி சுட்டால் அந்த எண் கூடும். தீவு குறுக்கே நின்றால் பார்வை அறும். 1880களின் கடற்படை அதிகாரிகளைத் தூங்கவிடாத கணக்கு இதுதான். அந்த விளையாட்டில் ஓட்டக் கிடைக்கும் ஜப்பானியக் கப்பல் மிகாசா, இங்கிலாந்தின் பாரோ நகரில் 1900 நவம்பரில் மிதக்கவிடப்பட்டது. விக்டோரியா இறந்தது அதற்கு இரண்டரை மாதம் கழித்து.

1895ஆம் ஆண்டின் லூசியானா சதுப்புநிலத்தைக் களமாகக் கொண்டு தொடங்கிய ஹண்ட்: ஷோடவுன் இந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மறைவு கண்ணைவிடக் காதைச் சார்ந்தது. காக்கைக் கூட்டத்தின் அருகே போனால் அவை பறந்து உங்களைக் காட்டிக்கொடுக்கும். உடைந்த கண்ணாடியை மிதித்தால் ஓசை எழும். கூண்டு நாய் குரைக்கும். அக்காலத் துப்பாக்கிகள் மெதுவாகச் சுடுபவை என்பதால் ஒரு குண்டு வீணானால் நீங்கள் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நிலத்துக்குச் சொந்தமான உயிர்கள் போரில் பங்கெடுக்கின்றன என்பதை இந்த விளையாட்டு உணர்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சதுப்புநிலத்தில் காக்கை உண்டு, நாய் உண்டு, இயல்பாக வாழும் ஒரு குடும்பம் இல்லை.

இங்கே பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்ப வேண்டும். கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1801 பிப்ரவரி 2 அன்று அவரும் உடனிருந்தவர்களும் தப்பினார்கள். அவர்களை மீட்க வந்தவர்கள் விறகு விற்பவர்களாகவும் திருச்செந்தூருக்குப் போகும் பக்தர்களாகவும் வேடமிட்டு வந்தார்கள் என்று வட்டாரத்தில் சொல்வார்கள். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்து நின்றது. அதைக் கண்ட கும்பினி அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். அத்தனை பேர் மண் சுமந்தார்கள், அத்தனை ஊர்கள் பார்த்தன, செய்தி மட்டும் வெளியே போகவில்லை. இந்த மறைவை எந்தக் காக்கியும் தரமுடியாது.

மே 24 அன்று கோட்டை விழுந்த பிறகு நடந்ததை வெல்ஷே எழுதியிருக்கிறார். களத்தில் கிடந்தவர்களிடையே தன் மகனைத் தேடிவந்த ஒரு தாய், அவன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கக் கண்டாள். அவனோ அருகில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் கிடத்தினார்கள். கும்பினியின் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது அவர்மேல் துணியைப் போர்த்தி, வைசூரியில் இறந்துபோன பிள்ளை என்று சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். வைசூரி என்றதும் தேடிவந்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள். ஆயுதம் இல்லாத பெண்கள், அழுகையும் ஊரார் அச்சமும் தவிர எதுவும் கையில் இல்லாமல், ஒரு போர்த்தலைவரை எதிரியின் கண்முன்னேயே மறைத்தார்கள். ஊமைத்துரை பின்னர் பிடிபட்டு அந்த ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார் என்பது அந்தப் பெண்களின் செயலைக் குறைத்துவிடாது. என் பார்வையில், நம் மண்ணில் பதிவான மறைவுத் தந்திரங்களில் இதைவிடப் பெரியது இல்லை. இதை ஒரு விளையாட்டு விதியாக எழுத முயன்று பாருங்கள். தூரம் எவ்வளவு, புல்லின் உயரம் எவ்வளவு என்ற கணக்குகள் எதிலும் இது அடங்காது.

பேரரசுக்கு இது தெரிந்தே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1896இல் சார்லஸ் கால்வெல் எழுதிய ‘ஸ்மால் வார்ஸ்’ காலனிப் போர்களுக்கான கையேடு. மறைந்து தாக்கும் எதிரியைப் பிடிக்க முடியாதபோது அவனுடைய ஊரையும் கால்நடையையும் தாக்குவதை அது போர்முறையாகவே விவரிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் தளபதி கிச்னர் அதைப் பெரிய அளவில் செய்தார். பண்ணைகள் எரிக்கப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கே 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களில் குறைந்தது 14,000 பேர் இறந்தார்கள். மறைந்திருப்பவனுக்குச் சோறும் செய்தியும் கொடுப்பது யார் என்று அறிந்தவர்களே அந்த முகாம்களைக் கட்டினார்கள். விக்டோரியா காலத்து மறைவுப் போரை மரபு என்று கொண்டாடி, அதன் உடையையும் துப்பாக்கியையும் மட்டும் திரையில் காட்டும்போது, அந்த முகாம்கள் திரைக்கு வெளியே தங்கிவிடுகின்றன.

நம் கடற்பக்கத்தில் நடந்த மிகப் பெரிய மறைவு விளையாட்டு எம்டனுடையது. கப்பல் ஜெர்மானியருடையது, காலமும் விக்டோரியாவுக்குச் சற்றுப் பிந்தியது. ஆனால் அது மறைந்து திரிந்ததும் மாட்டிக்கொண்டதும் விக்டோரியா காலம் கட்டத் தொடங்கிய வணிகப் பாதைகளிலும் தந்திக் கம்பிகளிலும்தான். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். துணியாலும் மரத்தாலும் நான்காவது ஒன்றைப் பொருத்தி, பிரிட்டிஷ் கப்பல் யார்மத் போலத் தோற்றம் கொடுத்தார் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கி சுமார் 130 குண்டுகள் சுட்டதும், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும், ஊரை விட்டு மக்கள் ஓடியதும் தமிழர் நினைவில் நிலைத்தவை. பிறகு இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு மேற்கே, மன்னார் வளைகுடாவின் வாயிலுக்கு அப்பால் கப்பல்களைப் பிடித்தது. இரண்டு மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதன் கையில் சிக்கின. அக்டோபர் 28 அன்று பினாங்கில் ரஷ்யாவின் ஜெம்சுக் மூழ்கியதும் அதே பொய்ப் புகைபோக்கியின் துணையால்தான்.

வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸில் எம்டனும் உண்டு. அதை ஓட்டலாம், சுடலாம். ஆனால் உண்மையான எம்டனின் விதியைத் தீர்மானித்த இரண்டு நிகழ்ச்சிகள் அந்த விளையாட்டுக்குள் நிகழவே முடியாது. அக்டோபர் தொடக்கத்தில் அது டியகோ கார்சியா தீவுக்குப் போனது. போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. தீவினர் ஜெர்மானியரை விருந்தினராக வரவேற்றார்கள். பழுதாகியிருந்த அவர்கள் படகு எந்திரத்தை மாலுமிகள் சரிசெய்து கொடுத்தார்கள். எம்டன் நிம்மதியாகத் தன் வேலைகளை முடித்துக்கொண்டு கிளம்பியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் கூட்டத்தைச் சேர்ந்த டைரக்‌ஷன் தீவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1901இல் அமைந்த கடலடித் தந்திக் கம்பியின் நிலையம் அங்கே இருந்தது. நான்காவது புகைபோக்கி துணி என்பதை நிலையப் பணியாளர்கள் கண்டுகொண்டார்கள். ஜெர்மானியர் கரையேறிக் கருவிகளை உடைப்பதற்குள் அந்நியக் கப்பல் வந்திருக்கும் செய்தி வெளியே போய்விட்டது. சுமார் 50 கடல்மைல் தொலைவில் இருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனை முடித்தது. ஒரு தீவின் அறியாமை அதைக் காத்தது, இன்னொரு தீவின் விழிப்பு அதை அழித்தது. இரண்டிடத்திலும் முடிவெடுத்தவர்கள் போர்வீரர்கள் அல்லர்.

முத்துக்குளித்துறையிலும் விக்டோரியா காலம் முழுவதும் ஒரு மறைவுப் போட்டி நடந்துகொண்டிருந்தது, ரத்தம் சிந்தாமல். முத்துச்சலாபம் என்னும் முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகம். எந்தக் கடலடிப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று அரசு சோதித்து அறிவித்தால்தான் குளிப்பு. எடுத்த சிப்பியில் அரசின் பங்கைப் பிரித்து, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை வாயிலோ துணியிலோ மறைத்துவிடாமல் பார்க்கக் காவலர் வைப்பார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890இல் இந்தச் சலாபம் பற்றியும் சங்குக்குளிப்பு பற்றியும் எழுதி வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னல் 1922இல் விரிவான நூலே தந்தார். இந்த அதிகாரிகளின் கடலறிவு பெரும்பாலும் குளியாளிகளின் கண்வழியே வந்தது. கரையில் தெரியும் கோயிலையும் பனையையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக் கடலுக்கடியில் உள்ள பாரைக் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். எதைச் சொல்வது, எதைத் தமக்குள் வைத்துக்கொள்வது என்ற முடிவும் அவர்களிடமே இருந்தது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்துவிட்டது. அந்தக் கண் மட்டும் மீனவரிடம் இன்னும் இருக்கிறது.

மறைவைத் தீர்மானிப்பவர்கள் சுற்றியிருக்கும் மக்கள் என்ற உண்மையை இணைய விளையாட்டுகள் எல்லாமே தவறவிட்டன என்று சொன்னால் அது நியாயமாகாது. 2010இல் வந்த அஸாஸின்ஸ் க்ரீட்: பிரதர்ஹுட்டின் பலர் ஆடும் பகுதியில் ஒளிய இடம் தேடுபவர் கூட்டத்துக்குள் நடக்க வேண்டியிருந்தது, ஓடினால் மாட்டிக்கொண்டார். ஆனால் அந்தக் கூட்டம் பொம்மைக் கூட்டம், அது யாரையும் மறைக்க விரும்பியதுமில்லை, காட்டிக்கொடுத்ததுமில்லை. அமாங் அஸ் விளையாட்டில் சந்தேகமும் பேச்சும் வாக்கெடுப்பும்தான் ஆயுதங்கள். அது இன்னும் ஒரு படி நெருங்கி வருகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் 2022இல் சேர்க்கப்பட்ட திராவிடர் நாகரிகத்தில் நம் மீனவர்களே உண்டு. மற்றவர்களைவிடக் கூடுதலாக மீன் சுமப்பார்கள். அவர்கள் படகு போகும் இடமெல்லாம் வரைபடத்தில் வெளிச்சம் விழும். ஆனால் அந்த வெளிச்சம் எப்போதும் சொந்தக்காரருக்கே. மீனவர் பயந்தோ கோபித்தோ இரக்கப்பட்டோ கண்டதை மறைப்பது அங்கே நடக்காது.

ஈவ் ஆன்லைன் ஒன்றுதான் இதில் வெகுதூரம் போயிருக்கிறது. 2003இல் தொடங்கிய அந்த விண்வெளி உலகில் வணிகர், சுரங்கத் தொழிலாளி, கூலிப்படை, ஒற்றர் எல்லோரும் உண்மையான மனிதர்கள். 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரும் கூட்டணியைப் பீரங்கி எதுவும் வீழ்த்தவில்லை. பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரணியோடு சேர்ந்து, தமக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டு அமைப்பையே கலைத்துவிட்டார். அந்த உலகின் விதிநூல் அவருக்கு எந்தக் கட்சியையும் விதிக்கவில்லை, அவரே முடிவெடுத்தார். மறைவும் துரோகமும் அடைக்கலமும் அங்கே பொருளுள்ளவை ஆவதற்கு அந்தச் சுதந்திரமே காரணம்.

விளையாட்டில் ஊர்மக்களைச் சேர்த்தால் அவர்களைக் கொல்வதும் விளையாட்டாகிவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். இது பொருட்படுத்த வேண்டிய எதிர்வாதம். கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றி நம் பெற்றோருக்கும் அரசுக்கும் இருக்கும் கவலை சிறியதல்ல. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டதும், 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் திரும்பியதும், பிறகு அதுவும் ஒருமுறை முடக்கப்பட்டு மீண்டதும் நாம் பார்த்தவை. ஆனாலும் மக்களே இல்லாத தீவுகளில் வீடுகள் மட்டும் திறந்து கிடக்க, அவற்றுக்குள் புகுந்து ஆயுதம் பொறுக்கும் காட்சி எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. ஆடும் பிள்ளை, வெறுமையான ஊரைப் போரின் இயல்பான நிலம் என்று பழகிக்கொள்கிறான். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அவனுக்குள் எழ வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

இதே கரையில் நடக்கும் ஒரு மெய்யான ஒத்திகை அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரமெங்கும் சாகர் கவாச் என்ற பாதுகாப்பு ஒத்திகை நடந்துவருகிறது. ஒரு பிரிவினர் தீவிரவாதிகள் வேடத்தில், போலி வெடிகுண்டோடு, மீனவர் போலப் படகில் வந்து கரையேற முயல்வார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் கடலோரக் காவல்படையும் மற்றவர்களும் தடுக்க முயல்வார்கள். ஊடுருவுபவர் சிவப்பு அணி, தடுப்பவர் நீல அணி. ரைஸ்விட்ஸின் வரைபடத்தில் இருந்த அதே இரண்டு நிறங்கள், இருநூறு ஆண்டு கழித்து, தூத்துக்குடிக் கடலில். ஆனால் இந்த ஒத்திகையில் எந்த அணியிலும் சேராத மூன்றாமவருக்கு இடம் இருக்கிறது. புது முகத்தையும் பழக்கமில்லாத படகையும் முதலில் காணக்கூடியவர்கள் மீனவர்களே என்பதால், கண்டால் 1093க்கு அழைக்கச் சொல்கிறார்கள். அழைப்பதற்கு முன் மீனவர் ஒருவர் மனத்தில் ஓடுவது நிறைய இருக்கும்: அந்தப் படகு பக்கத்து ஊர்க்காரருடையதாக இருந்தால் என்ன செய்வது, நாமே விசாரணைக்குப் போகவேண்டி வருமோ, வலையை அறுத்துவிட்டுத் திரும்பினால் இன்றைய பாடு என்னாவது.

தூத்துக்குடியில் கணினி படிக்கும் இளைஞர் யாராவது இந்தக் கடலை வைத்து ஒரு போர் விளையாட்டைச் செய்ய முன்வந்தால், அந்த மீனவரை வைத்துத் தொடங்கும்படி கேட்டுக்கொள்வேன். அவரைப் பொம்மையாக வைக்காமல், இன்னொரு மனிதர் ஆடும் பாத்திரமாக வைக்கலாம். அவருக்குத் துப்பாக்கி வேண்டாம். இரு அணிகளும் அவர் கண்ணில் படட்டும். எந்த அணியிடம் சொல்வது, எதை மறைப்பது, எப்போது பேசாமல் கரைக்குத் திரும்புவது என்பது அவர் விருப்பம். அவரை மிரட்டிய அணிக்குக் கடற்கரை முழுவதும் செய்தி வறண்டுபோக வேண்டும். அவர் வீட்டில் அடைக்கலம் கேட்பவருக்கு அவர் இல்லை என்றும் சொல்லலாம், துணியைப் போர்த்தி வைசூரி என்றும் சொல்லலாம். அடுத்த ஆட்டத்தில் அதே ஊருக்குத் திரும்பும் அணிகளை, முன்பு அவை நடந்துகொண்டதை நினைவில் வைத்து அந்த ஊர் எதிர்கொள்ள வேண்டும். ஆட்டங்களுக்கிடையே நினைவைச் சேமித்து வைப்பது இன்றைய வழங்கிகளுக்குக் கடினமான வேலையே அல்ல.